தலைவர் உயரம்

"என் சைக்கிள் சீட்டைத் தொட்டது யாரு?"

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று அவன் கத்தினான். சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"என்னடா காலங்காத்தால?"

"ரெண்டு மணி நேரம் மலை ரோட்ல ஏறி இறங்கிட்டு வர்றேம்மா. முட்டி வலிக்கவே இல்ல!"

"வலிக்கலைன்னா நல்லதுதானேடா. அதுக்கு எதுக்கு ஊரைக் கூட்டுற?"

அம்மாவுக்கு எங்கே புரியப்போகிறது? அவனுக்குப் பிழைப்பே சைக்கிள். ஒரு கம்பெனி டீமில் சம்பளத்துக்கு ஓட்டுகிறான். ஜெயிப்பது அவன் வேலை இல்லை, டீம் தலைவரை ஜெயிக்க வைப்பதுதான் வேலை. எதிர்க்காற்றைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு தலைவருக்கு முன்னால் போக வேண்டும். பின்னால் வரும் டீம் காரிலிருந்து தண்ணீர் பாட்டில்களை வாங்கிப் பனியனுக்குள் திணித்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். அதனால் டீமில் அவனுக்குத் 'தண்ணிக்காரன்' என்று பெயர். ஒரு சொட்டுக் குடிக்காத பிள்ளைக்கு இப்படியொரு பெயரா என்று அம்மாவுக்குத் தீராத மனக்குறை.

இன்னொரு வேலையும் உண்டு. வழியில் தலைவரின் டயர் பஞ்சரானால் இவன் உடனே இறங்கித் தன் சைக்கிளைக் கொடுத்துவிட வேண்டும். அதற்காகவே இவன் சீட்டு தலைவரின் கால் அளவுக்கு ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. இவன் காலுக்கு அது ஒரு விரல் அதிகம். பழக வேண்டும் என்று, வீட்டில் வைத்துக்கொள்ள டீம் கொடுத்த சைக்கிளிலும் அதே உயரம்தான். சீட்டுக் கம்பியில் சிவப்பு டேப் ஒட்டி டீம்காரர்களே கோடு போட்டுக் கொடுத்திருந்தார்கள். பல வருஷமாக இடது முட்டி வலிக்கிறது. அந்த வலி இன்று காணாமல் போனதால்தான் திருட்டைக் கண்டுபிடித்தான்.

"நான்தாங்க," என்று கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள் மனைவி. "நீங்க பந்தயத்துக்குப் போயிருந்தப்ப தினமும் ஓட்டினேன். என் காலுக்கு இறக்கிக்கிட்டேன். திரும்ப ஏத்தறப்ப உங்க காலுக்குத் தகுந்தாப்ல வெச்சிட்டேன்."

"கோடு போட்டிருக்குல்ல? கண்ணு தெரியலையா?"

"அது உங்க கால் அளவு இல்லையே. தினமும் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறவளுக்குத் தெரியாதா?"

கல்யாணத்துக்கு முன்னால் அவளும் பந்தயக்காரிதான். அவன் ஒருமுறைகூட ஏறாத பரிசு மேடையில் அவள் பலமுறை ஏறியிருக்கிறாள். ஒரு வீட்டுக்கு ஒரு ரேஸ்காரன் போதும் என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்து அவள் சைக்கிளை விற்றார்கள். அன்று அவனும் தலையாட்டினான். உள்ளுக்குள் ஓர் ஆறுதல் இருந்ததென்னவோ உண்மை.

"இப்ப எதுக்கு இந்த ஆசை?"

"நாளைக்குப் பெண்கள் டீமுக்கு ஆள் எடுக்கறாங்க. என்னையும் கூப்பிட்டிருக்காங்க." கொஞ்சம் தயங்கினாள். "தலைவியா ஓட்ட ஆள் தேடுறாங்களாம்."

தலைவி! நான் காலமெல்லாம் தண்ணீர் சுமப்பேன், இவளுக்கு மட்டும் நாலு பேர் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்களா? அதை வெளியே சொல்ல முடியுமா? அம்மாவைப் பார்த்தான். அம்மா பிள்ளையின் முகக்குறிப்பு அறிந்தவள்.

"கல்யாணம் ஆனவ டவுசரை மாட்டிக்கிட்டு ரோட்ல காத்து வாங்கப் போவாளா? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"உங்க பிள்ளை வருஷம் பூரா தலைவருக்காகக் காத்து வாங்குறாரே அத்தை. அதுக்கு யாரும் ஒண்ணும் பேசலையே."

"வாயப் பாரு! கேட்டியாடா?"

மனைவி அவன் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியது. "ஒரே ஒரு நாள் சைக்கிளைக் குடுங்க. போதும்."

"அது டீம் சைக்கிள். கண்டவங்க கை படக் கூடாது."

"தலைவருக்கு டயர் போனா அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள இறங்கி நிக்கிறீங்க. உங்க பேரு என்னன்னுகூட அவருக்குத் தெரியாது. நான் வாயைத் திறந்து கேக்கறேன்."

அவனுக்குக் கோபம்தான் கைகொடுத்தது. "முதல்ல சீட்டைப் பழைய உயரத்துல வை!" என்று சீட்டைத் திருகும் அலன் கீயை அவள் காலடியில் வீசினான். அன்று மாலையே முன் சக்கரத்தைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினான். அவள் வழக்கம்போல அவன் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டுப் படுத்தாள்.

காலையில் எழுந்தபோது அவளைக் காணோம்.

"அவ பழைய சிநேகிதி வேனோட வந்தா. உள்ள ரெண்டு சைக்கிள் இருந்துச்சு," என்றாள் அம்மா.

"நீ சும்மாவா பார்த்துக்கிட்டிருந்த?"

"தடுக்கலாம்னுதான் எழுந்தேன். அந்த ரேஸ் ஷூவை இத்தனை நாளும் எங்கதான் ஒளிச்சு வெச்சிருந்தாளோ! அதை மாட்டிக்கிட்டு டக்கு டக்குன்னு நடந்து வந்து, 'போயிட்டு வரேன் அத்தை'ன்னா." அம்மா மடித்த துணியையே மறுபடி மடித்தாள். "எனக்கும் வாய் தவறி, பார்த்துப் போன்னு வந்துருச்சு."

அவன் சக்கரத்தை மாட்டினான். அவள் தினமும் நிரப்பி வைக்கும் பாட்டில்கள் காலியாகக் கிடந்தன. தானே தண்ணீர் பிடித்துக்கொண்டு கிளம்பினான். இந்நேரம் அவளும் எங்கோ ஏறிக்கொண்டிருப்பாள், ஜெயித்துத் தொலைத்துவிடுவாளோ என்ற நினைப்பே அவனை விரட்டியது. வெறியோடு மிதித்தான்.

முதல் ஏற்றத்திலேயே முட்டியில் சுருக்கென்றது. நிறுத்திக் குனிந்து பார்த்தான். அவன் சொன்ன சொல்லைத் தட்டாமல்தான் போயிருக்கிறாள். சீட்டு சிவப்புக் கோட்டில் அச்சுப் பிசகாமல் நின்றது.

அவள் திருப்பி எடுத்து வைத்திருந்த அலன் கீ பனியன் பாக்கெட்டிலேயே இருந்தது. ஒரு திருகு திருகி ஒரு விரல் இறக்கினால் போதும். சுற்றுமுற்றும் பார்த்தான், சாலையில் ஒருவரும் இல்லை. ஆனாலும் டீமில் கேட்காமல் அதைத் தொட அவனுக்குத் தைரியம் வரவில்லை. மறுபடி ஏறி, தலைவர் உயரத்திலேயே மிதித்துக்கொண்டு போனான்.