நாலாம் நம்பர் மூடி

அந்த விண்கலத்தில் அவள் கை படாத இடம் குறைவு. பதினெட்டு மாதம் அதன் கால்களையும் குழாய்களையும் கருவிகளையும் ஒவ்வொரு திருகாக முறுக்கிப் பூட்டியவள். பணிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் ஃபிட்டரக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த இயக்குநரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

கலம் கிளம்பி நாற்பது நாள் ஆகிவிட்டது. அன்று மாலை ஐந்து மணிக்கு, ஆளில்லாமல் தானாகவே அது நிலாவில் இறங்க வேண்டும்.

காலை பத்து மணிக்கு இயக்குநரின் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கருவிகளின் கண்ணாடியில் தூசி படாமலிருக்கப் போட்டிருந்த ஆறு சிவப்பு மூடிகளையும் எடுத்து வரச் சொன்னார்கள். கலம் இறங்கியதும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வாசலில் காட்சிக்கு வைக்கப் போகிறார்களாம். கிளம்புவதற்கு முன் அவற்றைக் கழற்றியது அவள்தான். உற்சாகமாகக் கிடங்குக்குப் போய் டப்பாவைத் திறந்தாள்.

ஐந்துதான் இருந்தன.

டப்பாவைக் கவிழ்த்தாள். அலமாரியின் அடியில் டார்ச் அடித்துத் தேடினாள். ஒவ்வொரு மூடியிலும் அவளே எழுதிய எண் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு. நாலைக் காணோம். நாலாம் நம்பர், கலத்தின் அடிவயிற்றில் இருக்கும் லேசர் உயரமானியின் மூடி. தரையில் மல்லாந்து படுத்தால்தான் அது கண்ணுக்கே தெரியும்.

அவற்றைக் கழற்றிய நாளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். மூன்று மூடிகளைக் கழற்றியது நன்றாக ஞாபகம் இருந்தது. பிறகு கூடத்தில் ஈரப்பதம் ஏறி அபாயமணி அடித்தது. எல்லோரும் வெளியே ஓடினார்கள். அரை மணி கழித்துத் திரும்பி வந்ததும் ஐந்தையும் ஆறையும் கழற்றினாள். நடுவே படுத்தாளா? முதுகில் தரையின் சில்லிப்பு பட்டதா? எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

தர ஆய்வாளரைத் தேடி ஓடினாள். எதிலும் குத்திக் குத்திக் குற்றம் கண்டுபிடிப்பார் என்பதால் அவருக்குக் குண்டூசி என்று பெயர். மூடிகளைக் கழற்றியபோது பட்டியலை வாசித்து டிக் போட்டவர் அவர்தான். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"நான் நாலுன்னு வாசிச்சேன்மா. வாசிச்ச உடனே டிக் போட்டேன். அப்பதான் மணி அடிச்சுது."

"நான் கழட்டினதப் பாத்தீங்களா சார்?"

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "யாராவது ஞாபகார்த்தமா எடுத்துட்டுப் போயிருப்பான். நீ வாயத் திறக்காத. சாயங்காலம் வரைக்கும் பொறு."

"அப்படி இல்லன்னா?"

"உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்மா." ஆறடி மனிதர் உண்மையாகவே கையைக் கூப்பினார். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் இரண்டு பங்காயிற்று.

கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கணவனுக்குப் போன் செய்தாள். அவன் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். பிள்ளைகளை இறக்கிவிட்டு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். முழுவதும் கேட்டான்.

"சொன்னா வேலை போயிடுமா?"

"போகும்னுதான் தோணுதுங்க."

"சொல்லலன்னா?"

"அந்த மூடி இன்னும் அங்கயே இருந்தா, லேசர் மூடியில பட்டுத் திரும்பிடும். உயரம் பூஜ்யம்னு காட்டும். தரைக்கு வந்துட்டோம்னு நெனச்சு கலம் எஞ்சினை அணைச்சிடும். நிலாவுக்கு மேல ரெண்டரை கிலோமீட்டர் உயரத்துல."

தண்ணீர் கொட்டும் சத்தம் நின்றது.

"ஏண்டி, ஒரு தட்டு ஒடஞ்சாவே நாலு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ. இத வச்சுக்கிட்டு எப்படி இருப்ப? போய்ச் சொல்லிடு. சாயங்காலம் நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் நடை அன்று முடிவில்லாமல் நீண்டது. இயக்குநர் வாசலிலேயே நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை தண்ணீர் குடித்தாள்.

அவர் கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது. கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். "கழட்டலன்னு உறுதியாத் தெரியுமா?"

"தெரியாது சார். கழட்டினேன்னு சத்தியம் பண்ண முடியல. அவ்வளவுதான்."

"லேசரை இப்பவே போட்டுப் பாக்க வழியில்ல, ரெண்டரை கிலோமீட்டருக்குக் கீழ வந்தாத்தான் அது வேலை செய்யும். லேசரை நம்பாதேன்னு கலத்துக்குச் சொல்லலாம். ரேடாரை மட்டும் வச்சு இறங்கும். ஆனா கடைசி அம்பது மீட்டர்ல ரேடார் தடுமாறும். மூடி இல்லாம இருந்து, நாம லேசரை ஒதுக்கிட்டா, நல்ல கண்ணை நாமே குத்தின மாதிரி." அவள் பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷத்துல நீங்க ஒரு திருகைக்கூட மறந்ததில்ல. இப்ப மறந்திருக்கலாம்னு சொல்றீங்க. அதையும் நம்பித்தான் ஆகணும்."

பதினொன்றரை மணிக்கு ஆரம்பித்து நாலு மணி வரை கட்டளையைத் திருத்தினார்கள், சோதித்தார்கள், மேலே அனுப்பினார்கள். அவளைக் கடைசி வரிசையில் ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். யாரும் அவளிடம் பேசவில்லை. குண்டூசி சுவரோரம் நின்றிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

இறக்கம் தொடங்கியது. சுவர்த்திரையில் அருகருகே இரண்டு எண்கள். ரேடாரின் எண் சரசரவென்று குறைந்தது. இரண்டரை கிலோமீட்டரில் லேசருக்கு உயிர் வந்தது. அதன் கீழே தோன்றிய எண்: பூஜ்யம்.

அறை முழுக்க ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தது. பல தலைகள் அவளைத் திரும்பிப் பார்த்தன. எஞ்சின் அணைந்துவிடும், இதோ அணைந்துவிடும் என்று காத்திருந்தாள். அணையவில்லை. எண்ணூறு. முந்நூறு. அறுபது. நாற்பத்தைந்தில் எண் துள்ளியது. ஐம்பது, முப்பது, மறுபடி நாற்பது. யாரோ "கடவுளே" என்றார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கைதட்டல் கேட்டபோது கண்ணைத் திறந்தாள். கலம் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, ஆனால் முழுசாக, நிலாவில் நின்றது.

இயக்குநர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. நீங்களும் ஆய்வாளரும் வந்துடுங்க."

விசாரணையில் அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள், குண்டூசி வாயைத் திறக்காதே என்றதைத் தவிர. ஆனால் அவர் எழுந்து, "இவங்க சொல்ல வந்தப்ப தடுத்தவன் நான். எழுதிக்குங்க," என்றார். அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவளுக்கு ஆறு மாதம் தற்காலிகப் பணிநீக்கம். அதன்பின் பணிக்கூடத்துக்குள் இல்லை, வெளியே சோதனைக் கொட்டகையில்தான் வேலை.

வெளிக்கதவைத் தாண்டி வந்ததும் கணவன் பேருந்தின் கதவைத் திறந்தான். காலி வண்டி. முன்னிருக்கையில் உட்கார்ந்தாள். "வேலை போகல," என்றாள். அவன் வண்டியை எடுத்தான். பேருந்து முதல் திருப்பத்தைத் தாண்டியது. அப்போதுதான், அந்த இரண்டு நாளில் முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள்.