மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

"வகிடு இடப்பக்கம்ப்பா. இடப்பக்கம்!"

கையுறை போட்ட கையில் சீப்போடு அப்பா தடுமாறினார். "என் இடப்பக்கமா, அவ இடப்பக்கமா?"

"அம்மாவோட இடப்பக்கம்."

முப்பத்தைந்து வருஷம் சேர்ந்து குடித்தனம் நடத்தியவருக்கு மனைவியின் வகிடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வேறொரு நாளாக இருந்தால் மகள் இதை அம்மாவிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். கட்டிலில் கிடந்தது அம்மா.

மகள் நின்றது ஆஸ்பத்திரி அறையின் வாசலில், தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம். ஆறு மாத வயிறு அவளை உள்ளே விடவில்லை. தைராய்டு புற்றுநோய்க்கு மூன்று நாள் முன்பு அம்மா விழுங்கிய மாத்திரையில் கதிரியக்க அயோடின் இருந்தது. அம்மாவின் வியர்வை, எச்சில் எல்லாவற்றிலும் அது கலந்திருந்தது. புற்றுநோய்க்காவது மாத்திரை இருந்தது. விடிந்ததும் வந்த மாரடைப்புக்கு எதுவும் இல்லை.

நேற்றுகூட அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அம்மா போனில் மிரட்டினாள். "தள்ளியே நில்லுடி. உனக்குப் பிறக்கட்டும், நானே வந்து உன் மடியில படுத்துக்கறேன்."

கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி கட்டிலருகே மீட்டரை நீட்டினார். அது படபடவென்று கத்தியது. அம்மா போய்விட்டாள் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

"சார், ஒரே ஒரு தடவை. கன்னத்தைத் தொட்டுட்டு வந்துடறேன்."

"வேண்டாம்மா. வயித்துல ஒரு உசுரு இருக்கு."

"எத்தனை நாள் வெச்சிருந்தா தொடலாம்?"

"உயிரோட இருந்திருந்தா அந்த அயோடின் பெரும்பாலும் சிறுநீர்லயே போயிருக்கும். இனிமே அப்படிப் போகாது. எட்டு நாளைக்கு ஒரு தடவை பாதியாகும், மறுபடி அதுல பாதி. அவ்வளவு நாள் வெச்சிருக்க முடியாதும்மா. மதியமே பெட்டியை மூடி எடுத்தாகணும்."

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அதிகாரி மேல், மாத்திரை மேல், சொன்ன சொல்லைக் காப்பாற்றாத அம்மா மேல். ஒரு காலைத் தூக்கிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தாள்.

அப்பா பார்த்துவிட்டார். குரலை உயர்த்தவில்லை.

"காலை எடும்மா. அவ உன்னைத் தள்ளி நிறுத்தினதெல்லாம் வீணாப் போகணுமா?"

எடுத்துக்கொண்டாள். அழுகை அப்போதுதான் வந்தது.

"அப்ப நீங்க தொடுங்க. கன்னத்தை. எனக்காக."

அப்பா புறங்கையை அம்மாவின் கன்னத்தில் வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

"எப்படிப்பா இருக்கு?"

"சில்லுனு இருக்கும்மா."

"நேரமாச்சு சார்," என்றார் அதிகாரி.

கையுறையும் சீப்பும் மஞ்சள் பைக்குள் போயின. சீப்பில் நான்கைந்து முடி இருந்தது. அவள் கேட்க வாயெடுத்தாள். அதிகாரி கூடாதென்று தலையாட்டிவிட்டுப் பையின் வாயைக் கட்டினார்.

அப்பா கைகழுவினார். மீட்டர் அவர் கைகளின் மேல் போய் வந்தது. எங்கே வைத்தாலும் வழக்கமாகக் கேட்கும் ஒன்றிரண்டு டிக் மட்டும்தான்.

"ஒண்ணும் இல்ல சார். நீங்க போகலாம்."

அப்பா கோட்டைத் தாண்டி வந்தார். அவள் நெருங்கியதும் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "இரு, இன்னொரு தடவை கழுவிட்டு வந்துடறேன்."

கழுவினார். திரும்பி வந்து, பாதி வழியில் நின்று, மறுபடி குழாயைத் திறந்தார்.

"போதும்ப்பா. குடுங்க."

ஈரம் சொட்ட நின்றவரின் கையை அவளே இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது.