சுவிட்சின் மேல் விரல்

ரீபா மைனி கடைக்கு வந்தபோது நான் ஒரு செல்போனைப் பிரித்துப்போட்டுச் சார்ஜ் ஏறுகிற முனையைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை மத்தியானம். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் காக்கா குருவி இல்லை, அப்படி ஒரு வெயில். எட்டு வருஷப் பழக்கத்தில் அவர் என் கடைக்கு வந்ததே கிடையாது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"தம்பி, ஞாயித்துக்கெழம பிளேனைக் கொண்டுக்கிட்டு வாரேன்னு அவிய உங்ககிட்ட சொன்னாவளா?"

"சொன்னாரு மைனி."

"தானே ஓட்டணும்னு நிக்காவ. பதினாலு மாசம் தம்பி, அந்தக் கையை வச்சுக்கிட்டுச் செஞ்சது. கீழ விழுந்து நொறுங்கிச்சுன்னா அப்புறம் அவிய காலையில எதுக்கு எந்திரிக்கப் போறாவ? நீங்கதான் ஏதாவது செய்யணும்."

செய்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எதைச் செய்ய என்று அப்போது எனக்கே தெரியாது. பற்றவைக்கிற கம்பி சூடேறி, மேஜையில் விரித்திருந்த துணியில் ஓட்டை விழுந்திருந்தது.

அவருடைய வீட்டுக்காரர் பாக்கியசீலன் நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக இருந்தவர். முடியளவு கோட்டை அளவுகோல் இல்லாமல் இழுப்பார். மூன்று வருஷத்துக்கு முன்பு வலது கை நடுங்க ஆரம்பித்தது, பிறகு இடது கையும். நரம்பு டாக்டர் பார்க்கின்சன் நோய் என்றார். மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்தவர், என்ன நினைத்தாரோ, எடையே இல்லாத பால்சா மரப்பலகை வரவழைத்து ரிமோட்டில் பறக்கிற ஒரு விமானம் செய்ய உட்கார்ந்துவிட்டார். ஐந்தரை அடி றெக்கை. கை நன்றாக இருந்த காலத்தில் இரண்டு மாச வேலை. இப்போது ஒரு சட்டத்தை வெட்டி ஒட்ட ஒரு வாரம். ஒட்டும்போது கை உதறிக் கோணிப்போனால் பிய்த்துப்போட்டு மறுபடி வெட்டுவார். நான் ஒரு தடவை பிளேடை வாங்கப் போனேன். "உம்ம வேலையைப் பாரும்வே" என்று ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு டீயைக் குடித்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

நாங்கள் ரிமோட் விமானம் விடுகிறவர்கள் மொத்தமே ஐந்து பேர். மாசி முதல் வைகாசி வரை, முன்னீர்பள்ளம் தாண்டி ஒரு குளம் வறண்டு கிடக்கும்போதுதான் எங்களுக்கு மைதானம். எட்டு மணிக்கு மேல் மேற்கே இருந்து காற்று பிடித்துவிடும் என்பதால் ஆறு மணிக்கே போய்விடுவோம். கழுதை வயசாகுது, இன்னும் பிளேன் விடுதாராம் என்று என் பொண்டாட்டி சொல்லாத வாரம் கிடையாது. அந்த ஞாயிறு கடைசி ஞாயிறு. கார் பயிருக்குப் பாபநாசம் அணையில் தண்ணீர் திறக்கப்போகிறார்கள், பத்து நாளில் குளத்துக்குள் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். திரும்ப வறள அடுத்த மாசி ஆகும். அடுத்த மாசிக்கு அவர் கை எப்படி இருக்கும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வழியைச் சனிக்கிழமை கண்டுபிடித்தேன். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு என்று எங்களிடம் ஒரு ஏற்பாடு உண்டு. இரண்டு ரிமோட்டுகளை இணைத்துவிடலாம். ஒன்று என் கையில், ஒன்று அவர் கையில். என் ரிமோட்டில் ஸ்பிரிங் வைத்த ஒரு சுவிட்ச் இருக்கும். அதை நான் இழுத்துப் பிடித்திருக்கிற வரைக்கும் விமானம் அவர் சொல் கேட்கும். விரலை எடுத்தால் அந்த நொடியே என்னிடம் வந்துவிடும். ஆபத்து என்றால் பிடுங்கிக்கொள்ளலாம், விமானமும் தப்பிக்கும். பாக்கியசீலனிடம் போனில் சொன்னேன். "சரிவே. ஆனா மேல போனதும் எங்கிட்ட குடுத்திரணும்" என்றார். கொடுத்துவிடுகிறேன் என்றேன். கொடுக்கக்கூடாது என்று அதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் றெக்கையை மடியில் வைத்துக்கொண்டு மைனியும், விமானத்தின் உடம்பை அணைத்துக்கொண்டு அவரும் வந்து இறங்கினார்கள். மாத்திரையை ஆறரைக்குப் போட்டிருந்தார். பெருமாள்ராஜ், எங்கள் கூட்டாளி, கல்லூரி லேபில் வேலை பார்க்கிறவன், எந்த விமானம் முதல்முதலாக ஏறினாலும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பான். அன்றைக்கு வைக்கலாமா என்று தயங்கி நின்றான். "வையிவே, நான் சாயங்காலம் கோயில்ல ஜெபம் பண்ணிக்கிடுதேன்" என்றார் பாக்கியசீலன். மைனி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு தள்ளிப் போய்க் கரையோரம் ஆட்டோ பக்கத்தில் நின்றுகொண்டார்.

நான்தான் ஏற்றினேன். வெடித்த களிமண்ணில் இருபது அடி ஓடி, எலுமிச்சம்பழத்தை நசுக்கிய சக்கரத்தோடு எழும்பியது. கடவுளே, என்ன விமானம் அது! கையை எடுத்தால்கூட நேராகப் போனது. எத்தனையோ விமானம் பறக்கவிட்டிருக்கிறேன், முதல் தடவையே இப்படி ஒழுங்காக நின்றது ஒன்றுகூட இல்லை. அந்தக் கை செய்தது என்று சொன்னால் எவன் நம்புவான்?

"குடும்வே" என்றார்.

"குடுத்தாச்சு. நீருதான் இப்போ."

என் விரல் சுவிட்சின் பக்கமே போகவில்லை.

அவர் தன் ரிமோட்டின் இரண்டு குச்சிகளையும் பிடித்தார். நான் அவர் கட்டைவிரலை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அதேபோல் என் குச்சியைத் தள்ளினேன். அவர் இடது பக்கம் தள்ளினால் நானும் இடது. அவர் இழுத்தால் நானும் இழுத்தேன். ஒரு வட்டம் போட்டோம், இரண்டாவது வட்டமும் போட்டோம். வெண்ணெயில் கத்தி போவதுபோல் போனது. இந்தப் பக்கத்தில் என்னைப்போல் சுத்தமாக ஓட்ட ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிரோடுதான் ஓட்டினேன். நல்ல காரியம் செய்வதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வட்டத்தில் அவர் கூப்பிட்டார். "இசக்கி."

"சொல்லும்."

"எங்கை நடுங்குது. றெக்கை நடுங்கலையே."

நான் வானத்தைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது? பக்கத்தில் அவர் இரண்டு கட்டைவிரலையும் குச்சியில் இருந்து எடுத்தார். ரிமோட் கழுத்துப் பட்டையில் தொங்கியது. விமானம் வளைந்த வாக்கிலேயே அழகாக வளைந்து போய்க்கொண்டிருந்தது. பெருமாள்ராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த இடத்திலேயே குளம் பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது. நான் அவரை அடித்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"ரீபா வந்தாளாக்கும் உம்ம கடைக்கு?"

"வந்தாவ."

"ம்."

கோபப்படுவார் என்று பார்த்தேன், படவில்லை. விமானத்தையே பார்த்துக்கொண்டு பையச் சொன்னார். "அவ பயப்படுதா, அது சரி. நீரு என்கூட எட்டு வருசமா பறக்கவிடுத ஆளு. விழுந்தா விழட்டும்வே. எங்கையால விழட்டும்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதைக் கேட்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது. இன்னும் கொஞ்சம் உயரத்துக்கு ஏற்றினேன், தென்னை மட்டத்துக்கு மூன்று மடங்கு. காற்று லேசாகத் தொட ஆரம்பித்திருந்தது.

"குச்சியைப் பிடியும்" என்றேன். பிடித்தார். பிடித்தாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, சுவிட்சை இழுத்தேன்.

றெக்கை உதறியது. இடதும் வலதுமாக, விடாமல், அவர் கட்டைவிரல் ஆடுகிற அதே வேகத்தில். மூக்கு தாழ்ந்து, நிமிர்ந்து, மறுபடி தாழ்ந்தது. கரையில் இருந்து மைனி ஓடிவருகிற சத்தம் கேட்டது. மூச்சு வாங்க என் பின்னால் வந்து நின்று, "தம்பி, என்னாச்சு, யாரு ஓட்டுதா இப்போ?" என்றார்.

சுவிட்சை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"நாந்தான்" என்றார் பாக்கியசீலன்.

மைனி என் சட்டையைப் பிடித்தார். எனக்கும் விரல் துடித்தது. இன்னொரு தடவை மூக்கு தாழ்ந்தால் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். தாழ்ந்தது. எடுக்கவில்லை. மலைப்பக்கம் வெகுதூரம் போய்ச் சிறுத்திருந்தது விமானம். இனி அது திரும்பி எங்களைப் பார்த்து வரவேண்டும். எதிரே வரும்போது இடது வலதாகிவிடும், கை நன்றாக இருக்கிறவனே தடுமாறுகிற இடம். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு குச்சியைத் தள்ளினார். தூரத்தில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வெயில் பட்டு றெக்கை மின்னியது, மறைந்தது, மின்னியது. நடுங்கிக்கொண்டே எங்களை நோக்கித் திரும்பியது.