நனைஞ்ச நூல்

ரெண்டு ஊருக்கு நடுவுல எவ்ளோ தூரம்னு நூல வெச்சு அளந்து பாத்திருக்கீங்களா?

அந்த டிராவல்ஸ் ஆபீஸ்ல அவனுக்கு வேலையே அதுதான். சுவர் முழுக்க மேப். பிளேன்ல போறவங்களுக்குன்னா சுலபம், ஸ்கேல நேரா வெச்சா முடிஞ்சுது. ரோடு அப்படியில்ல. மலையக் கண்டா ஒதுங்கும், ஏரியக் கண்டா சுத்தும். அதனால நூல ரோட்டு மேலயே வளைச்சு வளைச்சுப் பதிச்சுக்கிட்டே போய், ஊர் வந்ததும் கத்தரிச்சு, அந்தத் துண்ட நீட்டி ஸ்கேல்ல வெச்சு கிலோமீட்டர் கணக்கு போடுவான்.

நூல்கண்டு அவன் பொண்டாட்டி குடுத்தது. அவ டெய்லர். கல்யாணமான கையோட அவன் வேலைக்குக் கிளம்பினப்ப பையில போட்டு விட்டா. அவ இன்னும் அம்மா வீட்லதான் இருக்கா.

அவ ஊருக்கு அளந்த துண்ட மட்டும் அவன் ரூம் ஜன்னல் ஆணியில மாட்டி வெச்சிருந்தான். காத்துல அது ஆடுறப்ப, அந்தப் பக்கம் யாரோ ஊசியில கோத்து இழுக்குற மாதிரி இருக்கும். கண்ண மூடினா அவனே அது மேல நடப்பான். மலை வளைவுல நூல் காலுக்கு மெத்துமெத்துன்னு இருக்கும். கடைசி திருப்பத்துல தையல் மெஷின் சத்தம் கேக்கும். சரியா அங்க வந்துதான் முழிப்பு தட்டும்.

ஒரு நாள் மாமியார் போன் பண்ணாங்க.

"எவ்ளோ தூரம் மாப்ள? நானூறுக்குள்ளன்னா அனுப்புறேன். ராத்திரி ஏறுற பஸ் விடியறதுக்குள்ள போய்ச் சேராத ஊருக்கு எம்பொண்ண அனுப்ப மாட்டேன்."

"வானத்துல போனா இருநூத்தி அறுபதுதான் அத்தே."

"அவளுக்கு றெக்கை இருந்தா உங்களுக்கா கட்டி வெச்சிருப்பேன்? ரோட்ட அளந்து சொல்லுங்க."

ரோடு நானூத்தி இருபது. அது அவனுக்கு எப்பவோ தெரியும். "நாளைக்குச் சொல்றேன் அத்தே"ன்னு வெச்சுட்டான்.

அன்னிக்கு ராத்திரி மழை. ஜன்னல மூட மறந்துட்டான். நூல் சொட்டச் சொட்ட நனைஞ்சுபோச்சு. காலைல ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போய் ஃபேன் காத்துல காயப் போட்டு, என்னமோ தோணி ஸ்கேல்ல வெச்சான். முன்னூத்தி தொண்ணூத்தெட்டு. திரும்ப வெச்சான். அதேதான். ராவோட ராவா அவ ஊரே எழுந்து ரெண்டு எட்டு கிட்ட வந்து உக்காந்துட்ட மாதிரி இருந்துச்சு.

"அத்தே, நானூறுக்கு ரெண்டு கம்மி!"

"நெசமாவா? இழுத்துப் புடிச்சு அளக்கலையே?"

"இழுத்தா ஜாஸ்தியாதான் வரும் அத்தே."

அந்தப் பக்கம் போன் கை மாறுச்சு. பொண்டாட்டி குரல், கிசுகிசுன்னு.

"ஏங்க, நூல் நனைஞ்சுதா?"

"இல்லியே, காஞ்ச நூல்தான்."

"டெய்லர்கிட்டயேவா? அந்தக் கண்டு தண்ணி பட்டா சுருங்கும். அதனாலதான் கடையில தைக்க ஆகாதுன்னு உங்க தலையில கட்டினேன்."

"அப்போ அத்தைகிட்ட சொல்லிடுவியா?"

"அம்மா பக்கத்துலதான் நிக்குறாங்க." அப்புறம் சத்தமா, "சரிங்க, இன்னிக்கு ராத்திரி பஸ்ஸுக்கே ஏறிடறேன்."

மறுநாள் காலைல வெயில் நல்லா ஏறினப்புறம்தான் பஸ் வந்துச்சு. அவ இறங்கினா. பின்னாலயே, வெயில நிமிந்து பாத்துக்கிட்டே, அத்தையும் இறங்கினாங்க.