வாயுப் பிடிப்பு

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி வீரபாண்டி இரண்டு படகுகளையும் பிடித்திருந்தான். பெரிய படகின் கயிறு வலது முன்கையில் சுற்றியிருந்தது. சாமான் ஏற்றிய சின்னப் படகை இடது தோளால் பாறையோடு அணைத்து நிறுத்தியிருந்தான். இரண்டும் காற்றடைத்த ரப்பர் படகுகள். லேசான ஓட்டத்துக்கே முண்டும். அவை அசைந்தால் அலை கிளம்பும். அலை கிளம்பினால் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் மலை கலைந்துவிடும். அது கலையக் கூடாது என்பதற்காகத்தான் விடிந்ததிலிருந்து அவன் தண்ணீருக்குள் நின்றான். கால் மரத்துப்போய் வெகுநேரமாகியிருந்தது.

எதிரே ஒரு பாறைத் தட்டில் நான்கு பேர் முக்காலி விரித்துக் கேமராவைப் பொருத்தி வெயிலுக்காகக் காத்திருந்தார்கள். புஜைராவுக்கு மேற்கே மலைக்குள் இந்தக் குளிர்கால மழையில் பள்ளத்தாக்கு நிறைந்து, கீழே அணை வரைக்கும் தண்ணீர் நின்றது. கொஞ்ச வாரத்தில் வற்றிவிடும். அதற்குள் மலையைப் படமெடுக்கிறவர்களை மேலே படகில் ஏற்றி, ஒரு ராத்திரி கரையில் தங்கவைத்து, மறுநாள் அணையில் இறக்கிவிடுவது வீரபாண்டியின் கம்பெனிக்கு வேலை. இரண்டு பக்கமும் மொட்டை மலை செங்குத்தாக எழுந்து நின்றது. அந்த இடுக்கில் சூரியன் எட்டிப் பார்க்கும் சற்று நேரம் சுவர் முழுக்கச் சிவக்கும். அதற்காகத்தான் அவர்கள் அவ்வளவு தூரம் வந்திருந்தார்கள்.

"பாண்டி."

சின்னப் படகிலிருந்து ஹசன் அலி கூப்பிட்டார். குரல் மெலிந்திருந்தது. வீரபாண்டி திரும்பிப் பார்த்தான். ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து, ஒரு கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். அந்தக் குளிரிலும் சட்டை வேர்த்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்ன பாய்?"

"ஒண்ணுமில்ல. நெஞ்சு இறுக்குது. சோடா இருக்கா பாரு."

"காலையில இருந்தேவா?"

"ரொட்டி சுடும்போதே புடிச்சிருச்சு. வாயுவாத்தான் இருக்கும்."

ஹசன் அலி தொண்டிக்காரர். துபாய் சத்வாவில் ஒரு கஃபட்டேரியாவில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தவர். முதலாளி கடையை இன்னொருவருக்கு விற்றுவிட்டு ஊருக்குப் போனார். புது முதலாளி இவரை வேண்டாம் என்றார். பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கை காட்டினார்கள். இவர் வேறு வேலை தேடிப் போன சமயத்தில், ஆள் ஓடிப்போய்விட்டான் என்று விசா கொடுத்த ஸ்பான்சரான பழைய கஃபீலின் புகாரில் இவர்மேல் கேஸ் பதிவாகிவிட்டது. அரசு பொதுமன்னிப்பு அறிவித்தபோது போய் வரிசையில் நின்றார். பாஸ்போர்ட் நகல்கூட இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து காகிதமில்லாத ஆள். ஊரில் மனைவி ஷம்சியா இருந்தாள். மூத்த மகள் ஃபஸ்னா நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாள். அது முடிந்ததும் தானே போலீசில் போய் நிற்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புஜைராவில் எண்ணெய் டேங்க் கழுவும் வேலையில் வீரபாண்டி இருந்தபோது அவன் ரூமுக்கு மெஸ் சமைத்துப் போட்டவர் அவர். அந்தக் காண்ட்ராக்ட் முடிந்து வீரபாண்டி இந்தப் படகு கம்பெனிக்கு வந்தான். சமையலுக்கு ஆள் வேண்டும் என்று மேனேஜர் சேதுராமன் சொன்னதும் அவரை அழைத்துக்கொண்டு போய் நிறுத்தினான். பேப்பர் இல்லை என்பதை ஒளிக்கவில்லை. சேதுராமன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மலைக்குள்ள யாரு வந்து பாக்கப் போறா," என்று சொல்லி ஒரு ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார்.

வெயில் இறங்கியது. சுவர் உச்சியில் தொடங்கிய சிவப்பு மெல்ல வழிந்து தண்ணீரைத் தொட்டது.  பாறைத் தட்டில் கேமராக்கள் விடாமல் கிளிக் கிளிக் என்று ஒலித்துக்கொண்டிருந்தன. அப்போது ஹசன் அலி படகின் விளிம்பில் சாய்ந்து வாந்தியெடுத்தார். படகு குலுங்கியது. அலை வட்டவட்டமாகக் கிளம்பி தண்ணீரில் தெரிந்த மலையின் பிம்பத்தைக் குலைத்துக்கொண்டு போனது.

"யாரது?" என்று ஒருவர் கண்ணை எடுக்காமலே எரிச்சலோடு கேட்டார். பிறகு திரும்பிப் பார்த்தவர் முகம் மாறியது.

குழுவை அழைத்துவந்த ஹெலன் பாறையிலிருந்து இறங்கித் தண்ணீரில் நடந்து வந்தாள். ஸ்காட்லாந்துக்காரி, துபாயில் இருந்து இப்படிப் பயணங்களுக்கு வழிகாட்டுபவள். ஹசன் அலியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். உதடு வெளுத்திருப்பதைப் பார்த்தாள். நெஞ்சிலும் கையிலும் வலிக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் புரியாதவர்போல வீரபாண்டியைப் பார்த்தார்.

"என்ன கேக்குதுன்னு எனக்குப் புரியுது," என்று தமிழில் சொன்னார். "வாயுப் பிடிப்புன்னு சொல்லிரு. எனக்கு அடிக்கடி வரும்னு சொல்லு."

"பாய், ஒங்களுக்கு வேர்த்துக் கொட்டுது."

"வேர்க்கட்டும். அந்தம்மா பைக்குள்ள சாட்டிலைட் போன் வச்சிருக்கு. அதை எடுத்தா ஹெலிகாப்டர் வரும். அது வந்தா பத்தாக்காவக் கேப்பான். அடையாள அட்டைக்கு நான் எங்க போவேன்? நேரா உள்ளதான். சொல்லு தம்பி."

ஹெலன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கை அதற்குள் பைக்குள் போயிருந்தது.

"கேஸ், மேடம்," என்றான் வீரபாண்டி. "கேஸ் டிரபிள். இவருக்கு எப்பவும் வரும்."

"நிச்சயமாகத் தெரியுமா?"

"தெரியும், மேடம்."

அவள் நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் போனை வெளியே எடுக்கவில்லை. மருந்துப் பெட்டியில் தேடி ஒரு ஆஸ்பிரினை எடுத்து மென்று விழுங்கச் சொன்னாள். உடனே கிளம்பலாம் என்று மற்றவர்களிடம் சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. முக்காலிகளை மடக்கிக்கொண்டு இறங்கினார்கள். வயதான ஜெர்மன்காரர் ஒருவர் தன் மேல்கோட்டைக் கழற்றி ஹசன் அலியின் மேல் போர்த்தினார்.

ஹசன் அலியைப் பெரிய படகுக்கு மாற்றி, வீரபாண்டியின் காலடியில் படுக்கவைத்தார்கள். சின்னப் படகைப் பின்னால் கட்டிக்கொண்டு அவன் துடுப்புப் போட்டான். இடுக்கு முடியும் வரை ஓட்டம் இழுத்துக்கொண்டு போனது. அதைத் தாண்டியதும் தண்ணீர் அகன்று அசையாமல் கிடந்தது. அணைப் பக்கத்திலிருந்து எதிர்க்காற்று அடித்தது. ஒரு இழுப்புக்கு முன்னே போனால் பாதி பின்னே தள்ளியது. வாக்கி-டாக்கி இங்கேதான் எடுக்கும். அவன் அதை வாயருகே வைத்துச் சேதுராமனைக் கூப்பிட்டான்.

"சார், ஹசன் பாய்க்கு ரொம்ப முடியல. நெஞ்சு வலி. மேடம் ஹெலிகாப்டர் கூப்பிடப் பாத்துச்சு."

சேதுராமன் குரல் இரைச்சலோடு வந்தது.

"கூப்பிட்டாச்சா?"

"இல்ல சார். வாயுன்னு சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன்."

"நல்ல வேலை பண்ணே. அப்படியே இருக்கட்டும். நீ அணைக்குக் கொண்டாந்துரு. நான் வண்டியோட நிக்கிறேன். தெரிஞ்ச கிளினிக் ஒண்ணு இருக்கு, பேரு ஊரு கேக்க மாட்டாங்க."

"அது வரைக்கும் தாங்குவாரான்னு தெரியல, சார்."

"வீரா, நல்லா கேட்டுக்க. பேப்பர் இல்லாத ஆளை வேலைக்கு வச்சதுன்னா கம்பெனி மட்டுமில்ல, நானும் போவேன். கூட்டிட்டு வந்தவன் நீயும் போவ. மூணு பேரும் போகணுமா? யோசிச்சு இழு."

வீரபாண்டி வாக்கி-டாக்கியைக் கீழே வைத்துவிட்டு இழுத்தான். ஜெர்மன்காரரும் இன்னொருவரும் ஆளுக்கொரு சின்னத் துடுப்பை எடுத்து, பழக்கமில்லாமல், தாளம் தப்பித் தப்பித் தண்ணீரை அடித்தார்கள். படகு திசை மாறியது. வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் குனியும்போது ஹசன் அலியின் முகம் அவன் முழங்காலுக்கு அருகில் வந்தது. கண் திறந்துதான் இருந்தது.

"அணை தெரியுதா?" என்று அவர் கேட்டார்.

"தெரியுது, பாய்." தெரியவில்லை. அடுத்த வளைவைத் தாண்ட வேண்டும்.

"ஷம்சியாட்ட எதுவும் சொல்லிராத. பயந்துரும்."

"சொல்ல மாட்டேன்."

"ஆப்ப மாவு கரைச்சு வச்சிருக்கேன் ரூம்ல. புளிச்சிரும். எடுத்து..."

அதற்கு மேல் பேச்சு வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது. வீரபாண்டி குனிந்து காதை வைத்தான். மூச்சு கர்கர்ரென்று இழுத்தது. கை தொய்ந்து படகின் அடியில் தேங்கியிருந்த தண்ணீரில் விழுந்தது.

அவன் துடுப்பை விட்டுவிட்டான். காற்று படகைப் பின்னோக்கித் தள்ளத் தொடங்கியது.

"மேடம்," என்றான். "வாயு இல்ல. ஹார்ட். காலையில இருந்தே. போன் பண்ணுங்க."

ஹெலன் போனை எடுத்து அதன் தடித்த ஏரியலை வானத்துக்கு நிமிர்த்தினாள்.

வாக்கி-டாக்கியில் சேதுராமன், "வீரா, எங்க இருக்க? வீரா," என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவன் எடுக்கவில்லை. ஓரமாகத் தெரிந்த கூழாங்கல் திட்டுக்குப் படகை ஏற்றி, ஹசன் அலியை இறக்கிப் படுக்கவைத்து, ஹெலன் காட்டியபடி நெஞ்சில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தினான். அவன் ஓய்ந்தபோது அவள் அழுத்தினாள். மறுபடி அவன்.

ஹெலிகாப்டர் வந்தது. இவ்வளவு சீக்கிரம் வரும் என்று அவன் நினைத்ததே இல்லை. மலைக்கு மேலே தோன்றி, இறக்கை காற்று தண்ணீரை நாலாபக்கமும் சிதறடிக்க, அந்த மலைச் சுவர்களுக்கு நடுவே இறங்கியது. படகில் இருந்தவர்களில் ஒருவர் தன்னை அறியாமல் கேமராவைத் தூக்கி அதைப் படமெடுத்தார். இரண்டு பேர் குதித்து ஓடி வந்தார்கள். அட்டையை யாரும் கேட்கவில்லை. ஒருவன் ஹிந்தியில் ஒன்றே ஒன்று கேட்டான்.

"வலி எப்ப ஆரம்பிச்சது, பாய்?"

"காலையில," என்றான் வீரபாண்டி.

அந்த ஆள் நிமிர்ந்து உச்சிக்கு வந்துவிட்ட வெயிலைப் பார்த்தான். பிறகு குனிந்து தன் வேலையைத் தொடர்ந்தான்.

ஹசன் அலி பிழைத்துக்கொண்டார். அட்டையை ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இல்லை என்றதும் விரல் ரேகையை எடுத்தார்கள். பழைய கேஸ் பேரோடும் படத்தோடும் எழுந்து வந்தது. அடுத்த வாரம் சேதுராமன் வீரபாண்டியை ஆபீசுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, டீ வரவழைத்தார்.

"ஆஸ்பத்திரி பக்கம் போயிராத," என்றார். "போலீஸ்ல எழுதிக் குடுத்தாச்சு. அவரு கம்பெனி ஆளே இல்ல, நீ உன் சொந்த ஏற்பாட்டுல கூட்டிட்டு வந்தேன்னு. வேற வழி இல்லப்பா. யாரோ ஒருத்தர் பேரைச் சொல்லணும்னாங்க. எனக்குப் புள்ளைங்க இங்க ஸ்கூல்ல படிக்குது."

"ஜாக்கெட் குடுத்தது நீங்க, சார்."

சேதுராமன் டீயை அவன் பக்கம் நகர்த்தினார். "ஆறிடும், குடி," என்றார்.

போவதில்லை என்றுதான் வீரபாண்டி இருந்தான். அன்று சாயந்திரம் தொண்டியிலிருந்து ஷம்சியா கூப்பிட்டாள். அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அழவில்லை. "தம்பி, அங்க கஞ்சி குடுக்க ஆளு இருக்கான்னு மட்டும் ஒரு தடவை பாத்துட்டு வந்து சொல்லுங்க," என்றாள். அவன் மறுநாள் பஸ் ஏறினான்.

வார்டின் கோடியில் ஹசன் அலி இருந்தார். இடது கை கட்டிலின் கம்பியோடு விலங்கிட்டிருந்தது. வலது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையில் கஞ்சிக் கிண்ணம் தொடப்படாமல் ஆடை படிந்து கிடந்தது. கட்டிலருகே நின்றிருந்த இளம் போலீஸ்காரன் வீரபாண்டியின் பேரைக் கேட்டான். சொன்னதும் தன் போனில் எதையோ தேடிப் பார்த்தான். பத்தாக்காவை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினான். பிறகு அதைத் தன் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான்.

"நீ என்கூட வரணும்," என்று உடைந்த ஹிந்தியில் சொன்னான். அதட்டலாகச் சொல்லவில்லை. வீரபாண்டியின் கண் கிண்ணத்தின் மேல் இருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். "முதல்ல அவனுக்குக் குடு. முடிச்சிட்டுப் போகலாம்."

வீரபாண்டி உட்கார்ந்து ஆடையை ஒதுக்கி, ஒரு கரண்டி எடுத்து நீட்டினான். ஹசன் அலி அவனையே பார்த்தார்.

"ஏன்டா வந்த?"

"வாயத் திறங்க, பாய்."

அவர் திறந்தார். விழுங்கக் கஷ்டப்பட்டார். பசி இல்லை என்பது தெரிந்தது. இரண்டாவது கரண்டிக்கும் திறந்தார். பாதிக் கிண்ணத்தில் தலையை ஆட்டிப் போதும் என்று சொல்ல வந்தவர், சுவரோரமாகச் சாய்ந்து காத்திருக்கும் போலீஸ்காரனைப் பார்த்தார். மறுபடியும் வாயைத் திறந்தார். வீரபாண்டி கரண்டியில் பாதியளவே மொண்டான். அவர் அதை வாயில் வெகுநேரம் வைத்திருந்து விழுங்கினார். அடுத்ததை அவன் இன்னும் குறைத்து எடுத்தான்.