பச்சைப் படங்கு

அழகம்மாவிடம் இடுப்பில் கட்டும் படங்கைத் திருப்பிக் கேட்கும் வேலையைத் தாயின் தலையில் கட்டிவிடலாம் என்றுதான் விஜிதரன் முதலில் நினைத்தான். நாகலெட்சுமி மசியவில்லை.

"குடுத்தது நானு. குடுத்த சாமானத் திருப்பிக் கேக்க எனக்கு வாய் வராது. ஒனக்கு வேணும்னா நீ போய்க் கேளு."

"நீங்க எதுக்கும்மா அத வெட்டினீங்க?"

"நீ எதுக்குடா அதக் கொண்டாந்த?"



யுத்தம் முடிந்த வருஷம் இராணுவ முகாமிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவந்தவன் அவன். பொகவந்தலாவைத் தோட்டத்துத் தமிழ்ப் பையன் இராணுவத்தில் இருந்தான் என்பது தாயைத் தவிர லயத்து வரிசை வீடுகளில் ஒருவருக்கும் தெரியாது. கொழும்பில் பலசரக்குக் கடையில் நிற்கிறான் என்றே சொல்லி வைத்திருந்தார்கள். ஓடிவரும்போது மாற்று உடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தது முகாமில் கொடுத்த பச்சை மழைத்துணி. களைப்பில் தூங்கியவன் எழுவதற்குள் நாகலெட்சுமி அதை இரண்டாக வெட்டிவிட்டாள். கொழுந்து பறிக்கிற பொம்பிளைக்கு இடுப்பில் சுற்ற ஒரு படங்கு வேண்டும். இல்லாவிட்டால் ஈரச் செடி உரசி உரசி வயிறு வரை நனைந்துவிடும். அப்படியொரு தடித்த துணியைக் கண்டால் யார்தான் விடுவார்கள்? ஒரு பாதி தனக்கு. மறு பாதி பக்கத்துக் காம்பரா வீட்டு அழகம்மாவுக்கு, "மகன் கொழும்புல இருந்து கொண்டாந்தான் மதினி" என்று.

அழகம்மாவின் மகள் கனகு, கலவரத்துக்குப் பயந்து கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பமொன்றில் வாழ்க்கைப்பட்டவள். கடைசிச் சண்டையில் அவள் என்ன ஆனாள் என்று இன்றுவரை தகவல் இல்லை.

இப்போது, ஓடிப்போனவர்களுக்குப் பொது மன்னிப்பு என்று அறிவித்திருந்தார்கள். முகாமுக்குப் போனால் சட்டப்படி விலக்கிக் கடிதம் தருவார்கள். ரோட்டில் பொலிஸ் வண்டி நின்றாலே பஸ்ஸைவிட்டு இறங்கி நடக்கிற பிழைப்பு அதோடு தீரும். முகாமிலிருந்து போனில் பேசியவன், அரசாங்கச் சாமான் ஏதும் இருந்தால் கொண்டுவரச் சொன்னான். சப்பாத்து, தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற மலையில் கிடந்து மக்கிப் போயிருந்தது. உடுப்பு அடுப்பில் எரிந்து எவ்வளவோ காலம். தாயின் பாதி, அவள் வேலையிலிருந்து நின்றபிறகு, விறகின்மேல் கிடந்தது. மிச்சம் அழகம்மாவின் இடுப்பில்.

கடைவீதியில் புதுப் படங்கு ஒன்று வாங்கிக்கொண்டு போனான்.

"என்ன தம்பி, தீவாளிக்கு முந்தியே சீர் வருது?" என்றாள் அழகம்மா.

"பழசு ஒழுகும் அத்தை. இதக் கட்டுங்க. அதக் குடுங்க, தூக்கிப் போட்டுர்றேன்."

"அதுவா ஒழுகுது? எம் புருசன்கூட இம்புட்டு நாளு தாங்கல."

சிரித்தாலும் கொடுத்தாள். கொழுந்துக் கறை போக அலசி, காயவைத்து, நாலாக மடித்து இரண்டு கையாலும் கொடுத்தாள்.

முகாமில் சாமான் அறைக்காரன் இரண்டு பாதியையும் விரித்துப் பார்த்தான். மூக்கருகே கொண்டுபோனான். "தம்பி, இது மழைத்துணியா, தேயிலைச் சாக்கா?" என்று சிங்களத்தில் கேட்டான். பக்கத்திலிருந்தவனும் சிரித்தான். "கொண்டு போ, அம்மாகிட்டயே குடு."

யாரும் ஏசவில்லை. கையெழுத்துப் போட்டுக் கடிதத்தைக் கொடுத்துவிட்டார்கள். அவனைப்போல வந்தவர்கள் வெளியே நின்று வீட்டுக்குப் போன் போட்டுச் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். விஜிதரன் துணியைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஏறினான்.

மறுநாள் விடிந்தும் விடியாத மழையில், வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகிற வழியில் அழகம்மா வந்து நின்றாள்.

"புதுசு மடிச்ச எடத்துல வெடிச்சிருச்சி தம்பி. பழசத் தூக்கிப் போட்டுட்டியா?"

அவன் பதில் சொல்லுமுன்னே, வாசலில் கிடந்த பையிலிருந்து பச்சைத் துணி எட்டிப் பார்ப்பதைக் கண்டுவிட்டாள். "இந்தா இருக்கே" என்று உருவி இடுப்பில் சுற்றினாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவள் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டதைப் பார்த்தபோது அவனால் முடியவில்லை.

"அதக் கட்டாதீங்க அத்தை. அது ஆமித் துணி."

"எந்த ஆமிக்காரன் துணி?"

"என்னோடதுதான்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். உள்ளே நாகலெட்சுமி அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டதைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"எங்க இருந்த?"

"கடைசியில முல்லைத்தீவுப் பக்கம். சண்டைக்குத் தப்பி, களப்புத் தண்ணியக் கடந்து வந்த சனத்துக்குத் தமிழ்ல சொல்றது நாந்தான். வரிசையா ஒக்காருங்க, பையத் தொறந்து வைங்கன்னு."

"அப்ப எங் கனகு..."

"தெரியாது அத்தை. நான் யாரு மொகத்தையும் பாக்கல. நம்ம பக்கத்து ஆளுங்க இருந்து, என்னையக் கண்டுக்கிருவாங்களோன்னு தொப்பிய எறக்கி விட்டுக்கிட்டு, தரையப் பாத்துக்கிட்டேதான் பேசுனேன்."

அவன் கண்டதெல்லாம் கால்கள். சேறு அப்பிய கால்கள், செருப்பில்லாத கால்கள். அதில் ஒரு சோடி கனகுவினுடையதாக இருந்திருக்கலாம். நிமிர்ந்து ஒரு தரம் பார்த்திருந்தால் இவளுக்கு ஒரு பதில் இருந்திருக்கும்.

அழகம்மா முடிச்சை அவிழ்த்தாள். முன்புபோலவே நாலாக மடித்து வாசற்படியில் வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனாள். லயத்துக்கே கேட்கும்படி கத்துவாள் என்று நினைத்து அவன் காத்திருந்தான். ஒன்றும் கேட்கவில்லை.

அன்று அவனுக்கு மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிற வேலை. கொழுந்துப் பொம்பிளைகள் மேலே நின்றார்கள். கங்காணி இராமையாவின் குரல் வந்தது.

"என்ன அழகம்மா, படங்கு இல்லாம? காய்ச்சல் கண்டு படுத்தா நானா வந்து கஞ்சி வைக்கிறது?"

"கிழிஞ்சி போச்சிங்க."

"விஜிதரன் பய புதுசு வாங்கிக் குடுத்தான்னு பேசிக்கிட்டாங்களே?"

"அதுவுந்தான் கிழிஞ்சிருச்சி. நல்ல புள்ள, அவன் என்ன செய்வான்."

விஜிதரனின் கையில் மண்வெட்டி நின்றது. மழை விடாமல் பெய்தது. தேயிலைச் செடி நிறை வழியே அழகம்மா இறங்கி வந்தாள். இடுப்புக்குக் கீழே சேலை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தான். கழுத்து எழும்பவில்லை. கானுக்குள் குனிந்து நின்றவனுக்கு, கடந்துபோன அவள் கால்கள் மட்டும்தான் தெரிந்தன.