இருபத்தேழாம் கேள்விக்கு இரண்டு விடை

பதினொரு வருஷமாகத் தற்காலிக ஆசிரியையாகவே இருப்பதால், விடைத்தாள் திருத்தும் கூடத்தில் அவள் பெயரே 'தற்காலிகம்'. தலைமைத் தேர்வாளர் அப்படியில்லை. அவர் எழுதிய அல்ஜீப்ரா கையேடு பதினான்கு பதிப்பு கண்டது. கேட்காதவர்களிடமும் அதைச் சொல்லிவிடுவார். இந்த வருஷம் விடைக்குறிப்பும் அவர் கைவண்ணம்தான்.

கேள்வி இருபத்தேழு: √(x + 6) = x. இரு பக்கத்தையும் வர்க்கப்படுத்தினால் 3, −2 என்று இரண்டு விடை விழும். விழுந்ததையெல்லாம் பொறுக்கிக்கொள்ளக் கூடாது. −2-ஐப் போட்டால் இடப்பக்கம் √4, அதாவது 2, வலப்பக்கம் −2. ஒத்து வராது, அடித்துவிட வேண்டும். விடைக்குறிப்போ, இரண்டையும் எழுதினால் மூன்று மதிப்பெண், 3 மட்டும் எழுதினால் ஒன்று என்றது.

அவள் கையிலிருந்த தாளில் யாரோ ஒரு பிள்ளை −2-ஐப் போட்டுப் பார்த்து, குறுக்கே கோடு கிழித்து, 'சரிவரவில்லை' என்று எழுதியிருந்தது. கூட்டிப் பார்த்தாள். குறிப்புப்படி போட்டால் மொத்தம் முப்பத்துநாலு. நியாயப்படி போட்டால் முப்பத்தாறு. தேற முப்பத்தைந்து வேண்டும்.

தாளோடு எழுந்து போனாள்.

"சார், இருபத்தேழுல மைனஸ் ரெண்டு வராது சார். போட்டுப் பாருங்க."

"வர்க்கமூலம்னா பிளஸ், மைனஸ் ரெண்டும் உண்டும்மா. சின்ன கிளாஸ் பாடம்."

"அது x² = 4-ன்னு கேட்டா சார். மூலக் குறியே போட்டுட்டா பிளஸ் மட்டும்தான். உங்க கையேட்டுலயே அறுபத்திரண்டாம் பக்கத்துல இருக்கு."

கூடத்தில் சிவப்புப் பேனாக்கள் நின்றன. "சார் புஸ்தகத்தைப் படிச்ச ஒரே ஆள் நீங்கதான் மேடம்," என்று முணுமுணுத்தார் பக்கத்து மேசைக்காரர்.

தலைமைத் தேர்வாளர் உள்ளங்கையில் பேனாவால் போட்டுப் பார்த்தார். முகம் ஒரு நொடி தொங்கிப்போனது. கட்டைவிரலால் தேய்த்து அழித்தார்.

"திருத்த ஆரம்பிச்சு எத்தனை நாளாச்சு?"

"மூணு நாள் சார்."

"அப்போ மறுபடியும் முதல்லேர்ந்தா? குறிப்புல என்ன இருக்கோ அதைப் போடுங்க." குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வருஷ நியமன லிஸ்டு என் மேசையிலதாம்மா இருக்கு."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். அந்தக் கோட்டைப் பார்த்தாள். அளவுகோல் வைத்துக் கிழித்த கோடு. ஒன்று போட்டாள். முப்பத்துநாலு. கையெழுத்து. அடுத்த தாளில் இரண்டு விடையும் யோசனையில்லாமல் ஜோடியாகக் கிடந்தன. மூன்று.

நியமனம் வந்தது. இதுவும் தற்காலிகம்தான். புது வகுப்பில் அதே மாதிரிக் கணக்கு. முன்வரிசைப் பெண் கை தூக்கினாள்.

"மிஸ், மைனஸ் விடை ஒத்து வரலையே, அடிச்சிடவா?"

"வேண்டாம்."

"போட்டுப் பார்த்தேன் மிஸ்..."

அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "போட்டெல்லாம் பார்க்காதே. ரெண்டையும் எழுதிட்டு அடுத்த கணக்குக்குப் போ."